பதில்: ஃப்ரிட்ஜ் வெண்ணெய் டோஸ்ட்டைக் கிழிக்கிறது

பாக்கெட் வெண்ணெய் கல்லாக இருக்கிறது, டப்பாவில் வரும் ஸ்ப்ரெட் சுலபமாகப் பரவினாலும் வெண்ணெய் ருசியே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். டப்பாவின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 'ஃபேட் ஸ்ப்ரெட்' என்று இருந்தால் அது வெண்ணெய் இல்லை. நம் நாட்டில் டேபிள் பட்டர் என்று விற்க 80 சதவீதமாவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். அந்தக் கொழுப்புதான் ஃப்ரிட்ஜ் குளிரில் இறுகிவிடுகிறது.

ருசியும் இருந்து சுலபமாகப் பரவும் வெண்ணெயை வீட்டிலேயே செய்துவிடலாம். 200 கிராம் உப்பு வெண்ணெயை வெளியே வைத்து, விரல் அழுத்தினால் பள்ளம் விழும் பதம் வரட்டும். அடுப்பில் மட்டும் உருக்காதீர்கள், உருகி மறுபடி இறுகினால் நறநறவென்று ஆகிவிடும். சூரியகாந்தி எண்ணெய் 70 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பீட்டரால் வெளுத்துப் பொங்கும்வரை அடியுங்கள். தளர்வாகத்தான் தெரியும், பரவாயில்லை, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரத்தில் செட் ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதுவும் குளிரில் கட்டியாகும். நல்லெண்ணெய் வாசனை வெண்ணெயை அமுக்கிவிடும்.

இன்றைக்கே அவசரம் என்றால் கட்டி வெண்ணெயையே கேரட் துருவியில் துருவி டோஸ்ட் மேல் போடுங்கள்.

அப்புறம், டோஸ்ட் வந்த கையோடு தடவாமல் அரை நிமிடம் விடுங்கள். கொதிக்கும் சூட்டில் தடவினால் முழுக்க உள்ளே இறங்கி ரொட்டி சவசவத்துப் போகும். சற்று ஆறியதும் ஓரம்வரை தாராளமாகத் தடவினால், பாதி உருகி பாதி மேலே நிற்கும். எனக்கு அதுதான் சரியான பதம்.