மணி தொங்குற மினாரா

கேள்வி: ஸ்பெயின்ல வேலை பாக்குற என் தம்பி செவில்லா சர்ச் முன்னாடி நின்னு போட்டோ அனுப்பிருக்கான் சார். பின்னாடி இருக்குற மணிக்கூண்டு அசப்புல பள்ளிவாசல் மினாரா மாதிரியே இருக்கு. ஃபேமிலி குரூப்ல இதை வச்சு ஒரே சண்டை. உண்மை என்ன? அம்மாவ கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், முட்டி வலி, மேல ஏற முடியுமா?
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மாதிரி என்னம்மா மாதிரி, மினாராவேதான். பேரு ஹிரால்டா. 1184ல ஆரம்பிச்சு 1198ல முடிச்சது, 1248ல கிறிஸ்தவ ராஜா மூணாம் ஃபெர்னாண்டோ ஊரப் புடிச்சதும் பள்ளிவாசல் சர்ச் ஆயிடுச்சு, அப்புறம் 15ம் நூற்றாண்டுல அதையும் இடிச்சிட்டு இப்ப இருக்குற கதீட்ரல கட்டுனாங்க, ஆனா மினாராவ விட்டுட்டாங்க. போட்டோவ ஜூம் பண்ணுங்க. கீழ செங்கல்லயே வலை பின்னுன மாதிரி டிசைன் ஓடுதுல்ல, அது பழசு. மணிங்க தொங்குற மேல் அடுக்கு ஹெர்னான் ரூயிஸ் கட்டுனது, 1568ல முடிஞ்சுது.

இதை மத ஒற்றுமைனு ஃபார்வர்ட் பண்றாங்க, எனக்கு அப்படித் தோணல. உசரமான கோபுரம் ரெடியா நிக்குது, மணிய மாட்டுனா வேலை முடிஞ்சுது. ஜெயிச்ச கெத்து வேற. அதே ஸ்பெயின்ல கார்டோபாங்குற ஊர்ல கதையே தனி, அங்க 10ம் நூற்றாண்டு மினாராவ சுத்தி 1593ல இருந்து சுவர் எழுப்பி மணிக்கூண்டுக்குள்ளயே அடக்கிட்டாங்க, வெளிய நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. எனக்குப் புடிச்சது உக்ரைன்ல காமியனெட்ஸ் பொடில்ஸ்கி. அங்க சர்ச்தான் முதல்ல, 1672ல துருக்கிக்காரங்க வந்து அதை பள்ளிவாசலாக்கி மினாரா கட்டுனாங்க, 1699ல ஊரு திரும்ப கிறிஸ்தவங்க கைக்கு வந்துடுச்சு, மினாராவ இடிக்காம 1756ல அதோட உச்சில மாதா சுரூபத்த ஏத்தி வச்சிட்டாங்க!

அம்மாவ தாராளமா கூட்டிட்டுப் போங்க. பாங்கு சொல்ல மோதினார் குதிரைலயே ஏறிப் போற மாதிரி உள்ள படிக்குப் பதிலா சரிவுப் பாதைதான், மொத்தம் 35. கடைசில மட்டும் கொஞ்சம் படி இருக்கு. நின்னு நின்னு ஏறச் சொல்லுங்க.

கேள்வி: நம்ம ராயபுரம் சர்ச்கூட பழைய பள்ளிவாசல்தான்னு ஏரியால ஒருத்தர் அடிச்சு சொல்றாரே?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: சும்மா அடிச்சு வுடுறாரு. ராயப்பர் கோயில் நம்ம படகுக்காரங்க காசு போட்டு சர்ச்சாவே கட்டுனது.