கொரோனா காலத்தில் டெட்ராய்ட் முதியவர்கள் எதற்கு அஞ்சினார்கள்?

அமெரிக்காவில் கறுப்பின முதியவர்கள் வெள்ளையின முதியவர்களைவிடக் கொரோனாவுக்கு அதிகம் அஞ்சியதாகக் கருத்தாய்வுகள் சொல்கின்றனவே, படிப்பறிவுக் குறைவுதானே காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஊரிலிருந்து எண்களை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றலாம் என்பதால் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் 2020-இல் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரிலும் அதற்கு அருகே வெள்ளையினத்தவர் மிகுதியாக வாழும் லிவோனியாவிலும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் செவிலியாக இருந்தவள் என்ற முறையில், இந்தக் கேள்வியைப் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

2020 ஏப்ரல் தொடக்கத்தில், மிச்சிகன் மக்கள்தொகையில் சுமார் 14 விழுக்காட்டினரான கறுப்பினத்தவர் கொரோனா இறப்புகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினராக இருந்தார்கள். நகரப் பேருந்து ஓட்டுநர் ஜேசன் ஹார்குரோவ், வாயை மூடாமல் இருமிய ஒரு பயணியைப் பற்றி மனம் நொந்து காணொளி வெளியிட்டார். இரு வாரத்துக்குள் அந்நோயாலேயே இறந்தார். நான் போன டெட்ராய்ட் வீடுகள் பலவற்றில் மகனோ பேத்தியோ பேருந்து, மளிகைக் கடை, மருத்துவமனைத் துப்புரவு என்று வெளியே போயே தீரவேண்டிய வேலையில் இருந்து, இரவில் பாட்டி படுத்திருக்கும் அதே வீட்டுக்குத் திரும்பினார்கள். கட்டணம் கட்டாததால் குடிநீர் துண்டிக்கப்பட்டிருந்த வீடுகளுக்கு மறுபடி தண்ணீர் கொடுக்கும் ஏற்பாடே, நோய் வந்து எல்லாரையும் கைகழுவச் சொன்ன அந்த மார்ச்சில்தான் தொடங்கியது. இத்தனைக்கும் நடுவில் அஞ்சாமல் இருப்பதா அறிவு?

நான் பார்த்துவந்த ஒரு மூதாட்டிக்கு வயது 78; அலபாமாவில் பிறந்து, கார்த் தொழிற்சாலை வேலைக்காகக் குடும்பத்தோடு வடக்கே வந்தவர். ஒரு நாள் அவர் விரலில் மாட்டிய, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி 95 விழுக்காடு என்று காட்டியது; அவரோ ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். தொலைபேசியில் மருத்துவர் 95 நல்ல அளவுதான், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். “மகளே, அந்த எண்ணைப் பார்க்காதே, என்னைப் பார்” என்றார் மூதாட்டி. நான் பிடிவாதமாக ஆம்புலன்ஸை வரவழைத்தேன். மருத்துவமனையில் தமனி இரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது அளவு ஆபத்தான நிலையில், 88-க்கும் கீழே இருந்தது. அந்த டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, இக்கருவி ஆக்சிஜன் குறைவைக் காட்டாமல் விடுவது வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்றது. எல்லாம் வறுமையால் வந்தது, இனத்தை இழுக்காதீர்கள் என்று இங்கே யாராவது எழுதக்கூடும். வறுமையின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் தோல் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கும் இந்தக் கருவியின் பிழைக்குக் காரணம் தோலின் நிறம், வருமானம் அல்ல.

லிவோனியா முதியவர்கள் கவலையில்லாமல் இருந்தார்கள் என்று பொருளல்ல. முதியோர் இல்லத்தில் இருந்த மனைவியைக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்த ஒருவர், அவள் தன்னை மறந்துவிடுவாளோ என்று என்னிடம் அழுதிருக்கிறார். அதுவும் பெருந்துயரம்தான். ஆனால் நோய் வந்தால் மருத்துவமனையில் தம் பேச்சை நம்புவார்களா என்ற கவலையை அந்த வீடுகளில் நான் கேட்டதில்லை. டெட்ராய்ட்டில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கேட்டேன்.

அந்தக் கவலைக்கு வரலாறு உண்டு. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை 399 கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு (சிபிலிஸ்), பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், அது எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. செய்தி வெளியானபோது என் மூதாட்டிக்கு முப்பது வயது. அதை அவர் வரலாற்றுப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆகவே கறுப்பின முதியவர்கள் தடுப்பூசியை மறுப்பார்கள் என்று பலர் பேசினார்கள். எல்லார் சார்பிலும் நான் பேச முடியாது, தயங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் என் மூதாட்டி, தடுப்பூசிப் பரிசோதனையில் கறுப்பினத்தவர் இருந்தார்களா, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, 2021 தொடக்கத்தில் நகர மாநாட்டு மையத்தின் வாகன நிறுத்தத்தில் காரில் அமர்ந்தபடியே ஊசி போட்டுக்கொண்டார். வீடு திரும்பியதும் தம் தேவாலயத்து முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, எந்த எண்ணில் பதிவு செய்யவேண்டும் என்று ஒவ்வொருவருக்காகச் சொல்லத் தொடங்கினார்.