மதர்போர்டு எரிந்தால் மென்பொருள் உரிமங்களும் போய்விடுமா?

கேள்வி: ஈரோட்டில் கணக்கு எழுதும் அலுவலகம் நடத்துகிறேன். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கணினியின் மதர்போர்டு எரிந்துவிட்டது. புதிய மதர்போர்டும் பிராசஸரும் போட்டு, புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 11 புரோவை நிறுவித் தந்தார்கள். இப்போது விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை, ஆபீஸ் 2021 உரிமம் கேட்கிறது, டேலி பிரைம் எஜுகேஷனல் மோடில் (உரிமமில்லாத பயிற்சி நிலையில்) நிற்கிறது. பழைய எஸ்.எஸ்.டி. நன்றாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் முறையாக வாங்கியவையாக இருந்தால், பெரும்பாலும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் மீட்டுவிடலாம். அதுவரை பழைய எஸ்.எஸ்.டி.யை ஃபார்மட் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். அதைப் புதிய மதர்போர்டில் இணைக்கும்போது விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டால் பதற வேண்டாம். பூட்டைத் திறக்கும் சாவி பழைய வன்பொருளோடு போய்விட்டதால்தான் அப்படிக் கேட்கிறது. பல கணினிகளில் அந்தக் குறியீடு உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும்.

டேலியிலிருந்து தொடங்குங்கள். மாதாந்திரமாக ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற ஜி.எஸ்.டி. படிவத்தைத் தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி கெடு இருக்கிறது. எஜுகேஷனல் மோடிலோ மாதத்தின் சில தேதிகளுக்கு மட்டுமே வவுச்சர் (கணக்குப் பதிவு) போட முடியும். கணினியை மாற்றுவதற்கு முன் உரிமத்தைச் ‘சரண்டர்’ செய்ய (பழைய கணினியிலிருந்து விடுவிக்க) வேண்டும் என்பது டேலியின் முறை. மதர்போர்டே எரிந்துபோன நிலையில் அதற்கு வாய்ப்பில்லாமல் போவது இயல்பு என்பதால், அந்நிறுவனம் ‘ரீஆக்டிவேட்’ என்ற வழியையும் வைத்திருக்கிறது. லைசென்ஸ் பகுதியில் அதைத் தேர்ந்து, அங்கே கேட்கும் விவரங்களைக் கொடுத்தால், உரிமத்தைத் திறக்கும் அன்லாக் கீ பதிவு செய்த மின்னஞ்சலுக்கு வரும். சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எழுகிறது. எனக்குத் தெரிந்த ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில், உரிமத்தை விற்றவர் தம் சொந்த மின்னஞ்சலிலேயே அதைப் பதிவு செய்திருந்தார். அவர் தொழிலை விட்டுப் போய்விட்டதால், வாங்கிய பில்லைக் காட்டி மின்னஞ்சலை மாற்றிக்கொள்ள அவர்கள் பல நாள் அலைய வேண்டியிருந்தது. உங்கள் உரிமம் யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள்.

விண்டோஸைப் பொறுத்தவரை அவசரம் இல்லை. ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் அன்றாட வேலை நடக்கும். விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் கணினியின் வன்பொருளோடு, குறிப்பாக மதர்போர்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அது மாறியதும் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கு உங்களுடையது வேறொரு கணினியாகத் தெரிகிறது. மதர்போர்டு எரிவதற்கு முன்பே அந்த விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்து பயன்படுத்தியிருந்தால், உரிமம் அந்தக் கணக்கோடும் இணைந்திருக்கும். 2016 முதல் இந்த வசதி உள்ளது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன், டிரபிள்ஷூட் என்று போய், அண்மையில் வன்பொருளை மாற்றியதாகச் சொல்லும் தெரிவை அழுத்தி, அதே கணக்கால் நுழைந்தால் உங்கள் கணினிகளின் பட்டியல் வரும். அதில் பழைய பெயரைத் தேர்ந்து ஆக்டிவேட் செய்யுங்கள். இப்போது நிறுவியிருப்பதும் முன்பு இருந்த அதே பதிப்பாக இருக்க வேண்டும். ஹோம் உரிமம் புரோவைத் திறக்காது.

கணக்கோடு இணைக்கவில்லை என்றால், எந்த வகை உரிமம் வாங்கினீர்கள் என்பதைப் பில்லையும் பெட்டியையும் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். ரீடெயில் வகையை, அதாவது தனியாக வாங்கியதை, புதிய கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். 25 எழுத்துகள் கொண்ட கீயை மறுபடி கொடுத்தால் போதும், மறுத்தால் மைக்ரோசாஃப்டின் உதவிப் பிரிவை நாடலாம். கணினியோடு சேர்ந்து வரும் ஓ.இ.எம். வகை பழைய மதர்போர்டோடு முடிந்துவிடும். பழுதான போர்டுக்குப் பதிலாக அதே மாடலையோ, உற்பத்தியாளரே அதற்கு நிகராகத் தரும் போர்டையோ மாட்டியிருந்தால் மட்டும் மைக்ரோசாஃப்ட் புதிய உரிமம் கேட்பதில்லை. விண்டோஸ் 7 கீயை வைத்து இலவசமாக மேம்படுத்தியவர்களுக்கு அந்த வழி 2023 செப்டம்பரிலேயே அடைக்கப்பட்டுவிட்டது.

பழைய எஸ்.எஸ்.டி.யிலிருந்து கீயைப் படித்துக் காட்டும் மென்பொருள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடைசி ஐந்து எழுத்துகள் மூன்று, வி, ஆறு, ஆறு, டி என்று வந்தால், அது உங்கள் கீ அல்ல. டிஜிட்டல் உரிமம் பெற்ற புரோ பதிப்புக் கணினிகளில் பொதுவாக இருக்கும் கீ. அதைக் குறித்து வைத்துக்கொண்டு பலர் நாள்கணக்கில் முயன்று சோர்ந்து போகிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீகளையும், கடைகளில் ஓட்டித் தரும் ‘ஆக்டிவேட்டர்’ கோப்புகளையும் ஏற்காதீர்கள். அந்தக் கீகளில் பல, நிறுவனங்களுக்கென்று தரப்பட்டவை; எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கும் கணினியில் அதைச் செய்யவே கூடாது.

ஆபீஸ் 2021 எளிதானது. வாங்கிய நாளில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் கீயைச் சேர்த்தீர்களோ, அதே கணக்கால் நுழைந்து அங்கிருந்தே மறுபடி நிறுவுங்கள். அட்டையில் இருந்த கீ இனித் தேவைப்படாது. தனியாக வாங்கிய உரிமத்தை 90 நாள்களுக்கு ஒருமுறைதான் வேறு கணினிக்கு மாற்றலாம் என்ற விதி இருந்தாலும், வன்பொருள் பழுதுக்கு அதில் விலக்கு உண்டு. கணினியோடு சேர்ந்து வந்த ஆபீஸ் என்றால் அந்தச் சலுகை கிடையாது.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்ததாக அது வேலை செய்யவில்லை என்ற சிக்கல்தான் வரும். சான்றிதழ் அந்த யு.எஸ்.பி. டோக்கனுக்குள்ளேயே இருப்பதால், புதிய விண்டோஸில் அதன் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) நிறுவினால் போதும். டோக்கனை ‘இனிஷியலைஸ்’ செய்யும்படி யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சான்றிதழ் அதோடு அழிந்துவிடும்.