சம்பளச் சீட்டை மகளிடம் கொடுங்கள்

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். மாதம் 30,000 ரூபா அனுப்புவார். மகள் தரம் 9, மகன் தரம் 4. ஹட்டனில் ஓர் இடத்தில் பிள்ளைகளுக்குப் பொருளாதாரமும் தொழில் தொடங்குவதும் சொல்லித் தருகிறார்களாம். சனிக்கிழமை வகுப்பு, ஆறு மாதம், 45,000 ரூபா. முழுவதையும் முதலிலேயே கட்ட வேண்டுமாம். மகள் போக ஆசைப்படுகிறாள். என்னிடம் ஒரு சோடித் தோடு இருக்கிறது, அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன். கணவர் வேண்டாம் என்கிறார். "காசுக் கணக்கு பிள்ளைக்கு எதற்கு? வீட்டுக் கஷ்டம் தெரிந்தால் படிப்பில் மனம் போகாது. படித்து ஒரு வேலைக்குப் போனால் போதும்" என்பது அவர் பேச்சு. யார் சொல்வது சரி ஐயா?

பதில்: சகோதரி, தோட்டை அடகு வைக்காதீர்கள். ஆனால் மகள் கேட்பது நியாயமான விஷயம். அவளுக்குப் பொருளாதாரம் தெரியத்தான் வேண்டும். அதைப் படிக்க அவள் ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை, பாடம் உங்கள் காம்பிராவிலேயே, உங்கள் வீட்டு அறையிலேயே கிடக்கிறது.

முதலில் அந்த 45,000 ரூபாவைப் பார்ப்போம். அடகுக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடகு பிடிக்கும் இடத்தில் என்ன வட்டி என்று கேட்டு அதைப் போட்டுப் பாருங்கள். ஒரு வருடம் கழித்துத் தோட்டை மீட்க 53,100 ரூபா வேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில், பிடித்தம் எதுவும் இல்லாமலே, 39 நாளுக்கு மேல் மலையேறிக் கொழுந்தெடுத்த காசு அது. இதில் பஸ் கட்டணமும் சனிக்கிழமைச் சாப்பாடும் சேரவில்லை. வகுப்பு நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாது. மாதாமாதம் கட்டலாமா, இரண்டு வாரம் இருந்து பார்த்துவிட்டுக் கட்டலாமா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள். இந்தக் கணக்கை நீங்களே போட்டு மகளிடம் முடிவை மட்டும் சொல்லாதீர்கள். அவளையே போடச் சொல்லுங்கள். ஒரு பொருளின் விலையை அம்மாவின் வேலைநாளாக மாற்றிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குப் பொருளாதாரத்தின் முதல் பாடம் முடிந்துவிட்டது.

அடுத்தது, வருகிற 10ஆம் தேதி கிடைக்கும் சம்பளச் சீட்டு. அதை மடித்து வைக்காமல் மகள் கையில் கொடுங்கள். மாதத்தில் 20 பேர், அதாவது 20 நாள் வேலை, விழுந்தது என்று வையுங்கள், அதே 1,350 கணக்கில் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதம் பிடித்தால் 2,160. சில தோட்டங்களில் கூடுதலாகப் பிடிப்பார்கள், சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் அந்தப் பிடித்தத்தை மட்டும் பார்த்துவிட்டு "காசு போச்சு" என்பார்கள். தோட்டம் தன் பங்காக 12 சதவீதம், அதாவது 3,240 ரூபா போட வேண்டும். அதற்கும் மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம், 810 ரூபா. உங்கள் பெயரில் மாதம் 6,210 ரூபா சேர்கிறது, அதில் உங்கள் கையிலிருந்து போனது 2,160தான். இதில் சேமலாபப் பணத்தைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். உங்கள் அங்கத்தவர் இலக்கம் என்ன, கணக்குக் கூற்று கடைசியாக எப்போது வந்தது, அதிலுள்ள தொகை சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று மகள் கேட்கட்டும். அப்புறம் சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத்தின் தவணை, கடைக்கணக்கு, ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். தீபாவளிக்கு வாங்கியதை அடுத்த வருடத்திலும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே புலப்படும்போது கடன் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். அவருக்கு எழுத்து தெரியாது. வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார், அரைப்பேர் என்றால் கோடும் பாதி. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாதம் சீட்டை வாங்கி வாசித்தேன். சுவரில் 22 கோடு, சீட்டில் 20 பேர். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்க் கேட்டேன். எனக்குக் கால் நடுங்கியது. கணக்கப்பிள்ளை செக்ரோலை, அதாவது வேலைநாள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார், அடுத்த மாதம் சேர்த்துப் போட்டார். அந்த மாதத்திலிருந்து அம்மா சீட்டை முதலில் என் கையில்தான் கொடுப்பார். நான் இப்படிக் கணக்குப் பேச வந்ததற்கு அந்தச் சுவர்தான் காரணம். எனவே உங்கள் கேள்வியை வாசித்தபோது எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் கணவரின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. கஷ்டத்தைப் பிள்ளையின் தலையில் கொட்டினால் படிப்பு கெடும், உண்மைதான். ஆனால் கணக்கைக் காட்டுவது வேறு, கவலையை ஏற்றுவது வேறு. "உனக்காகத்தான் இந்தக் கடன்" என்று ஒரு நாளும் சொல்லாதீர்கள். "இவ்வளவு வருகிறது, இவ்வளவு போகிறது, இதில் எதை மாற்றலாம் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். வீட்டில் காசு இல்லை என்பது பிள்ளைகளுக்கு எப்படியும் தெரியும். இரவில் நாம் மெதுவாகப் பேசுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எவ்வளவு இல்லை என்று தெரியாததால்தான் அவர்கள் பயம் பெரிதாகிறது. தரம் 4 பையனுக்கு இவ்வளவும் வேண்டாம். கடைக்கு அனுப்பி மிச்சக் காசை எண்ணி வாங்கி வரச் சொன்னால் போதும்.

சம்பளச் சீட்டை விடுங்கள், ஆளுக்கு மாதாமாதம் காசு போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு போடுகிறீர்களா? லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாராவது நிச்சயம் போடுவார்கள். அந்தக் கொப்பியை எழுதும் வேலையை மகளிடம் கொடுங்கள். 10 பேர், ஆளுக்கு மாதம் 5,000, குலுக்கலில் வந்தவருக்கு 50,000. முதல் மாதம் எடுத்தவர் 45,000 ரூபாவை வட்டியில்லாத கடனாக வாங்கியிருக்கிறார். பத்தாம் மாதம் எடுப்பவர் மற்ற எல்லாருக்கும் வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார். தொகை இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் பெறுமதி ஒன்றா? இந்தக் கேள்வியை அவளிடம் போடுங்கள். 2022 அவளுக்கு நினைவிருக்கும். மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ 170 ரூபா. அந்த வருடம் சீட்டைக் கடைசியாக எடுத்தவருக்கு 50,000 ரூபா குறையாமல் கிடைத்தது, ஆனால் அதில் வாங்கிய அரிசி எவ்வளவு குறைந்திருக்கும்? அதே சமயம், சீட்டில் இருப்பவர்கள் ஏன் இதைப் பெரிதாக எடுப்பதில்லை? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முறை மாற்றிக்கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதற்கும் ஒரு விலை உண்டு. பணவீக்கம், வட்டி, நம்பிக்கை என்று மூன்றும் ஒரே கொப்பியில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளிடம் கேட்பேன். ஒரு கிலோ தேயிலைத்தூள் வர ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அம்மா ஒரு நாளில் எடுக்கும் 18 கிலோவிலிருந்து சுமார் 4 கிலோ தூள். கடையில் 4 கிலோ தூள் என்ன விலை? அம்மாவின் நாள் சம்பளம் என்ன? இடையில் உள்ள காசு எங்கே போகிறது? தொழிற்சாலையின் விறகு, மின்சாரம், லொறி, 1883 முதல் கொழும்பில் நடக்கும் ஏலம், தரகர், பெட்டி, விளம்பரம், கம்பனியின் லாபம். சிலது நியாயமான செலவு, சிலதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். எது எது என்று பிள்ளைகள் வாதாடட்டும். கொழுந்து எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பொருளியல் பாடம் எந்த வகுப்பில் கிடைக்கும்?

படிப்பு வேலைக்குத்தான் என்கிறார் உங்கள் கணவர். வேலை வேண்டும்தான். ஆசிரியர் நியமனம் ஒன்று கிடைத்து ஒரு குடும்பமே லயத்தை விட்டு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். நம் பூட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் எழுதியிருக்கும். அதைக் கட்ட இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் அவர் அங்கே போகலாம். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். தன் சுதந்திரத்தின் விலை எழுதிய காகிதத்தை வாசிக்கத் தெரியாமலே வாழ்ந்தவர்கள் எத்தனை பேர். நாட்டுக்கு 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற நம் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில். இத்தனை பிந்திக் கிடைத்த படிப்பை ஒரு நியமனக் கடிதத்துக்கு மட்டும் என்று சுருக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை கிடைத்த பிறகும் அவள் முன்னால் காகிதங்கள் வரும், குத்தகைப் பத்திரம், நுண்கடன் படிவம், ஆள் சேர்த்தால் காசு என்று போனில் வரும் பிரமிட் திட்டம். அந்தத் திட்டங்கள் நம் நாட்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை என்றும் அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் வாசித்து, "இது யாருக்கு லாபம்?" என்று கேட்கத்தான் இந்தப் படிப்பு.

பாடசாலையிலும் வழி இருக்கிறது. தரம் 10க்குப் போகும்போது 'வணிகக் கல்வியும் கணக்கீட்டுக் கல்வியும்' என்ற பாடத்தைத் தெரிவு செய்யலாம். பாடநூல் இலவசம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் பொருளியல் இருக்கிறது. பக்கத்துப் பாடசாலையில் தமிழில் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று இப்போதே போய் விசாரியுங்கள். பொழுதோடு தெரிந்துகொண்டால் பாடசாலை மாற்றுவதா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்கலாம்.

சரி, காசை என்ன செய்வது? முடிந்தால் மாதம் 3,000 ரூபாவை தேசிய சேமிப்பு வங்கியிலோ, இலங்கை வங்கி, மக்கள் வங்கியிலோ போடுங்கள். தபாலகம் கிட்டவென்றால் அங்கேயும் சேமிப்பு வங்கிக் கணக்குக்குக் கட்டலாம். அவள் உயர்தரம் எழுத நாலு வருடத்துக்கு மேல் இருக்கிறது. நாலு வருடத்தில் வட்டி இல்லாமலே 144,000. பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் இல்லை, மஹாபொல உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, முதல் மாதச் செலவு என்று அந்த நேரம்தான் கை கடிக்கும். இதை உங்கள் பெயரிலேயே வையுங்கள். பிள்ளை பெயரில் சிறுவர் கணக்கு தொடங்கினால் பொதுவாக 18 வயது வரை எடுக்க முடியாது. அவசரத்துக்கு உதவாது. சிறு தொகையை மட்டும் அதில் போடலாம்.

மகள் கையில் மாதம் 1,000 ரூபா கொடுங்கள். கொப்பி, பேனா, பாடசாலைச் சில்லறைச் செலவு எல்லாம் அதற்குள். 15ஆம் தேதியே முடிந்துவிட்டால் மேலே கொடுக்காதீர்கள், ஏசவும் வேண்டாம். கணவரிடம் இதைப் பேசும்போது மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் போடுங்கள். 39 நாள் கணக்கை அவளே அப்பாவிடம் சொல்லட்டும். அந்த மாதச் சீட்டில் பேர் குறைந்திருந்தால், தேதிகளை எழுதிக்கொண்டு நீங்களும் மகளும் சேர்ந்து மடுவத்துக்குப் போங்கள்.