பாதி காரை வெட்டி ஒட்டலாமா?

கேள்வி: மூன்றரை ஆண்டு ஓடிய என் காரின் பின்புறத்தில் லாரி மோதிவிட்டது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலிருந்து அதே மாடல் காரின் பின்பாதியை வாங்கி வந்து வெல்டிங் வைத்தால் செலவு குறையும் என்கிறார் காரைக்குடிப் பட்டறைக்காரர். "பழைய வீட்டு நிலைக்கதவைப் புது வீட்டில் வைப்பதில்லையா?" என்றும் கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: வெட்டு எந்த இடத்தில் விழப்போகிறது என்று தெரியாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிலைக்கதவை முழுதாகப் பெயர்த்து முழுதாக நிறுத்துகிறோமே தவிர, நடுவில் அறுத்து ஒட்டுவதில்லை. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரையும், கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்களும், கூரையும் சேர்ந்த ஒரே கூடுதான் மோதலின் விசையை வாங்கிப் பரப்பி, உள்ளே இருப்பவர்களைக் காக்கிறது. பில்லர்களில் உள்ள உயர்வலிமை எஃகு, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் தன் உறுதியை இழந்துவிடும். ஆகவே கூரை, பில்லர், தரை மூன்றையும் குறுக்கே அறுத்துப் பாதி உடலை ஒட்டும் வேலைக்கு நான் உடன்படமாட்டேன். பின் இருக்கையில் உட்காரப்போவது உங்கள் பிள்ளைகள் அல்லவா?

சேதம் டிக்கியோடு நின்றிருந்தால் கதையே வேறு. தயாரிப்பாளரின் பழுதுநீக்கக் கையேடு காட்டும் இணைப்புகளில் பழைய தகட்டைப் பிரித்துப் புதியதை ஸ்பாட் வெல்டிங் செய்வது முறையான பழுதுபார்ப்புதான்.

இன்ஷூரன்ஸ் இருந்தால், சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்க விடாதீர்கள். உங்கள் காரின் வயதுக்கு உலோகப் பாகங்களின் விலையில் 25 சதவீதமும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். ஜீரோ டெப் பாலிசியில் இந்தக் கழிவு பொதுவாக இராது. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியை முழு இழப்பாகக் கருதி ஈடு தருவார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புதுப்பேட்டைப் பாதி அவ்வளவு மலிவாகத் தோன்றாது.

எந்த வேலையானாலும் பட்டி பூசும் முன் நேரில் போய்ப் பாருங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கினால், நல்ல ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் சிறு வட்டக் குழிகளாகத் தெரியும். தகடு கருகி, கேஸ் வெல்டிங் புடைத்து ஓடியிருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். டிக்கி வாயின் மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கூடு இன்னும் கோணலாகவே இருக்கிறது. பாகம் புதியதா, பழையதா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பழையதைப் போட்டுப் புதியதற்குப் பணம் வாங்கியிருந்தால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம். அங்கே அந்தப் பில்தான் உங்கள் முதல் சாட்சி.