மணிக்கூண்டில் உள்ள இரண்டு எண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டு 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியின் நினைவாக எழுந்தது என்றே என் பிள்ளைகளிடம் சொல்லி வந்தேன். அது வேறொரு போருக்கானது என்று நண்பர் ஒருவர் மறுக்கிறார். எது சரி? என் பாட்டியின் தகப்பனார் 'பஸ்ரா சண்டைக்கு'ப் போய்த் திரும்பியவர் என்பார்கள். அவருடைய பதக்கம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்கும் மணிக்கூண்டுக்கும் தொடர்பு உண்டா?

வாசகர், காட்பாடி

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதே சரி. 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் கோட்டைக்குள் எழுந்த புரட்சிக்கு மக்கான் அருகே தனியாக நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் அதே நாளில் மலர் வளையம் வைப்பதும் அங்கேதான். மணிக்கூண்டு நினைவுகூர்வது முதல் உலகப் போரை. வேலூரிலிருந்து 277 பேர் அந்தப் போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று அதில் பதித்த கல்வெட்டு கூறுகிறது.

கடைகள் திறக்குமுன் ஒரு காலையில் அந்தக் கல்வெட்டின் எதிரே வெகுநேரம் நின்றிருக்கிறேன். எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மகனைப் பறிகொடுத்த தாய்மார்களில் எத்தனை பேரால் அதைப் படித்திருக்க முடியும் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விட்டு அகலவில்லை. ஒரு பெயர்கூட இல்லாமல் எண்ணிக்கை மட்டும் இருப்பது அதைவிட வருத்தம் தந்தது.

இது வேலூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அந்தப் போரில் இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் கடல் கடந்து சென்றார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்களில் மிகப் பலர் மாண்டது இன்றைய ஈராக்கான மெசபடோமியாவில். அங்கே போவதற்கான துறைமுகம் பஸ்ரா என்பதால்தான் நம் வீடுகளில் அந்தப் போருக்கே 'பஸ்ரா சண்டை' என்று பெயர் வந்தது. அவ்வூரில் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைப் பொறித்தவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரையும் இறந்தவர் எண்ணிக்கையையும் பொறித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். போரில் மாண்டோரின் கல்லறைகளையும் நினைவுச்சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டுக்காக 2021இல் மன்னிப்புக் கேட்டது.

மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்காக அவர்கள் போனார்கள் என்று சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மழை பொய்த்தால் பாலாறும் வற்றிவிடும் வட ஆற்காட்டில் அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கானது என்பது உண்மையே. ஆனால் பட்டாளம் இங்கே தலைமுறை வழக்கமாகவும் இருந்தது. ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்றுவிட்ட கம்மவான்பேட்டை அதற்குக் கண்முன் உள்ள சாட்சி.

கல்வெட்டில் இல்லாத அந்த 14 பெயர்களைத் தேட இன்றும் வழி இருக்கிறது. கல்லில் விடுபட்ட இந்தியர்களின் பெயர்கள் அந்த ஆணையத்தின் பதிவேடுகளில் இருக்கின்றன. பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் மாவட்டமும்கூட உண்டு. அன்றைய எழுத்துக்கூட்டல்படி வட ஆற்காடு என்று ஆங்கிலத்தில் தேட வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலைதான். ஆயினும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவர்களோடு இதில் இறங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உங்கள் கொள்ளுத்தாத்தா உயிரோடு திரும்பியவர் என்பதால் இறந்தோர் பதிவேட்டில் இருக்க மாட்டார். அவர் வேலூரிலிருந்தே சென்றிருந்தால், அந்த 277 பேரில் ஒருவராக இருக்கக்கூடும். பதக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபக்கம் குதிரைமேல் ஒரு மனிதனும், 1914, 1918 என்ற ஆண்டுகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். வெள்ளியில் செய்தது என்றால் அவர் படைவீரர்; வெண்கலம் என்றால் பெரும்பாலும் தொழிலாளர் படையில் இருந்திருப்பார். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஈரமில்லாத மெல்லிய துணியால் துடைத்து, வெளிச்சத்தில் அதன் விளிம்பை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அவருடைய எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். கண்டதை எனக்கு எழுதுங்கள்.