எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளி விட்ட பிறகு எந்த வகுப்பில் சேர்க்கலாம்? எத்தனை வகுப்பு தாங்கும்?

நீச்சல், செஸ், அபாகஸ் (மணிச்சட்டம்), கீபோர்டு, ரோபாட்டிக்ஸ் என்று ஐந்தைப் போட்டு, இதில் எது மூளைக்கு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நகரத்தில் இருக்கிறீர்கள், இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் மூளையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கடிகாரத்திலிருந்து தொடங்குவோம்.

6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை 6:30க்கு எழும் பிள்ளை இரவு 9க்கெல்லாம் தூங்கிவிட வேண்டும். பள்ளி விட்டு வீடு வந்து சேர 4:15 என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது நாலே முக்கால் மணி நேரம். வீட்டுப்பாடம் ஒரு மணி. குளியல், சாப்பாடு, படுக்கை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி. வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சும்மா கிடக்க அரை மணி. மிச்சம் ஒன்றே முக்கால் மணி. ஒரு மணி நேர வகுப்பு, போக வர முக்கால் மணி என்றால் அன்றைய கணக்கு அதோடு தீர்ந்தது. ஓடி விளையாட ஒரு நிமிடம்கூட இல்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எனவே வார நாட்களில் இரண்டு மாலை, வார இறுதியில் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். அந்த மூன்றில் ஒன்றாவது உடம்பு வேலையாக இருக்கட்டும். போக்குவரத்து நேரம் வகுப்பு நேரத்தைத் தாண்டினால், எவ்வளவு பெயர் பெற்ற இடமானாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது டெமோ கிளாஸ். அங்கே சொல்லும் விளக்கத்தைக் கேட்பதை விட, வழக்கமான பேட்ச் நடக்கும் நாளில் போய் ஓரமாக உட்காருங்கள். ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, அதன் கை எத்தனை நிமிடம் வேலை செய்கிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். மற்ற நேரமெல்லாம் வரிசையில் நிற்பது, கேட்பது, காத்திருப்பது.

நீச்சலில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். 45 நிமிட வகுப்பு, ஒரு கோச், 12 பிள்ளைகள். முதல் 10 நிமிடம் கரையில் உடற்பயிற்சி. மீதி 35 நிமிடத்தில் ஒவ்வொருவராக நீந்தவிட்டால் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம்கூட வராது. மாதம் 8 வகுப்பு போனாலும் நீந்திய நேரம் அரை மணி தேறாது. ‘மூன்று மாதமாகப் போகிறாள், இன்னும் வரவில்லை’ என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். நான்கைந்து பேரைச் சேர்த்து ஒரே நேரத்தில் சுவரைப் பிடித்துக் கால் அடிக்கவிடும் கோச் கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீருக்குள் மூச்சை ஊதி வெளியே விடுவது, மல்லாந்து மிதப்பது, திரும்பிச் சுவரைப் பிடிப்பது, இந்த மூன்றும் வந்த பிறகுதான் ஸ்ட்ரோக், அதாவது கை வீசி நீந்தும் முறை. கையில் மாட்டும் காற்றுப்பைகளை நம்ப வேண்டாம். அவை உடலைச் செங்குத்தாக நிறுத்திக் காலைக் கீழே இறக்கிவிடும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற இன்னொரு மாதம் பிடிக்கும். அவை உயிர் காக்கும் கருவியும் அல்ல. உங்கள் ஐந்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் நீச்சலைச் சொல்வேன். மற்ற நான்கும் தெரியாமல் போனால் உயிருக்கு ஆபத்தில்லை.

ரோபாட்டிக்ஸில் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு கிட்டுக்கு (பாகங்கள் அடங்கிய பெட்டிக்கு) எத்தனை பிள்ளைகள்? இரண்டு பேர் என்றால் சரி. மூன்றானால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார், அது பெரும்பாலும் வகுப்பிலேயே அமைதியான பிள்ளை. கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் வண்டி எல்லா இடத்திலும் செய்யவைப்பார்கள், அதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். வண்டிக்கு அடியில் கோட்டை உணர்வதற்காக உள்ள அகச்சிவப்பு சென்சார் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஜன்னல் வெயில் பட்டாலும், தரை பளபளப்பாக இருந்தாலும் குழம்பிவிடும். பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் ஓடத் தொடங்கியதும் வண்டியை இயக்கும் மின்பலகை அணைந்து அணைந்து எரியும். சென்சார் பலகையில் இருக்கும் குட்டித் திருகை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்வதில்தான் படிப்பே இருக்கிறது. வண்டி கோட்டை விட்டு ஓடியதும் ஆசிரியர் பாய்ந்து வந்து தானே திருகினால், பிள்ளை கற்றது கிட்டின் பெட்டியைத் திறக்க மட்டும்தான். ‘ஏன் ஓடுச்சு, நீயே பாரு’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்தான் வேண்டும்.

இனி மூளை. செஸ் படித்தால் கணக்கு வரும் என்று விளம்பரம் செய்வார்கள். இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை வைத்துச் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், செஸ் கற்ற பிள்ளைகள் ஓராண்டு கழித்துக் கணக்கில் மற்றவர்களை விட முன்னேறியதாகத் தெரியவில்லை. செஸ் கற்றால் செஸ் வரும், அதுவே நல்ல விஷயம்தான். நல்ல செஸ் வகுப்பில் பாதி நேரம் ஆட்டம் நடக்கும். பிள்ளைகள் தங்கள் நகர்த்தல்களைத் தாங்களே எழுதுவார்கள். தோற்ற ஆட்டத்தை மறுபடி பலகையில் வைத்து எங்கே கோட்டை விட்டோம் என்று பார்ப்பார்கள். ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) மனப்பாடத்தில் தொடங்கும் வகுப்பு இந்த வயதுக்கு வீண். ஒரே நகர்த்தலில் மேட் வைக்கும், அதாவது ராஜாவைத் தப்ப முடியாமல் மடக்கும் புதிர்கள் போதும்.

அபாகஸும் இப்படித்தான்: கூட்டல் கழித்தல் வேகம் கூடும், வாக்கியக் கணக்கைப் புரிந்துகொள்ள அது உதவாது. ஜப்பானிய அபாகஸில் ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஒரு மணி, மதிப்பு 5; கீழே நான்கு, ஒவ்வொன்றும் 1. 4 வைத்திருக்கும்போது 3 கூட்டச் சொன்னால் கீழே மணி இல்லை. 5ஐ இறக்கி 2ஐ எடுக்க வேண்டும். 5 என்பது 3உம் 2உம் என்று மனதில் பதியாத பிள்ளை இதை விரல் அசைவாக மட்டும் ஒப்பிக்கும், இரண்டு லெவல் தாண்டியதும் திணறும். சேர்க்கும் முன் வீட்டில் இதை வாய்க்கணக்காகக் கேட்டுப் பாருங்கள்.

கீபோர்டுக்குத் தினமும் 15 நிமிடம் வீட்டில் உட்கார்த்தி வைக்க ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் இப்போது வேண்டாம். ஞாயிறு ஒன்றரை மணி நேரம் அதற்கு ஈடாகாது. வாங்குவதானால் முழு அளவுக் கட்டைகள் 61 இருக்க வேண்டும், அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறைய வேண்டும். முதல் இரண்டு மாதம் வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்தால் இன்னும் நல்லது.

பணத்தில் மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். சேர்க்கை, கிட், சீருடை, லெவல் தேர்வு, போட்டிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பாதியில் நின்றால் எது திரும்ப வரும் என்பதும் அதில் இருக்கட்டும்.

பாதுகாப்புக்கு ஒரு கேள்வி போதும்: ‘நான் வர 20 நிமிடம் தாமதமானால் என் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் யார் இருப்பார்?’ உடனே பதில் வராத இடத்தில் சேர்க்காதீர்கள். கதவில் கண்ணாடியோ திறந்த ஜன்னலோ இல்லாத அறையில் தனி வகுப்பும் கூடாது.

மூன்றாவது வாரம் ‘போக மாட்டேன்’ வரும். உடனே நிறுத்தவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். முதலில் வகுப்புக்கு அரை மணி முன்னால் ஏதாவது சாப்பிடக் கொடுத்துப் பாருங்கள். பாதி அழுகை பசிதான். பிறகு பக்கத்தில் உட்காருவது யார், தன்னை விடப் பெரிய பிள்ளைகளோடு போட்டிருக்கிறார்களா, அங்கே கழிவறைக்குப் போக முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நேரே ‘ஏன் பிடிக்கலை’ என்று கேட்டால் ‘போர் அடிக்குது’ என்றுதான் பதில் வரும். இவை எதுவும் இல்லாமல் இன்னும் நான்கு வகுப்பு கழித்தும் அதே பேச்சு என்றால், கட்டிய பணம் போனால் போகிறது என்று நிறுத்திவிடுங்கள்.